குமரி மாவட்டத்துப் பிள்ளைகளும் விமானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானப்படையில் 20 ஆண்டுகள் விமானப் பராமரிப்பு வேலையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். தக்கலைப் பக்கம் வீடு. என்னைப்போல் ஓய்வு பெற்ற மூன்று பேர், ஒரு அறிவியல் ஆசிரியர், ஒரு தச்சர் என்று ஆறு பேர் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானங்களில் பிள்ளைகளுக்கு விமானம் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம். பள்ளி வாசலிலும் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

1. எங்க பயலை ஒரு தடவை பிளேன்ல ஏத்திக் காட்டணும். நம்ம மாவட்டத்துல எங்க கூட்டிட்டுப் போகணும்?

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். கிழக்கே போனால் தூத்துக்குடி விமான நிலையம் வாகைகுளத்தில் இருக்கிறது. பகலில் புறப்படும் பயணிகள் விமானமாகப் பார்த்து, ஜன்னல் ஓர சீட்டு கேட்டு வாங்கிப் போங்கள். அதுவும் நல்ல அனுபவம்தான்.

ஆனால் நான் இங்கே பேசப்போவது வேறொரு பறத்தல். இரண்டு அல்லது நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். பைலட்டுக்குப் பக்கத்து சீட்டில் பிள்ளை. கருவிகள் எல்லாம் கண் முன்னால். "இந்த முள் ஏன் இறங்குது?" என்று கேட்டால் அப்போதே பதில் கிடைக்கும். பயணிகள் விமானத்தில் பிள்ளை ஊர் போய்ச் சேரும். இதில், விமானத்தை ஒரு மனிதர் ஓட்டுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும். அந்த சீட்டை எங்கே, எப்படிப் பெறுவது என்பதுதான் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள்.

2. வெளிநாட்டுல பிள்ளைகளை சும்மா பிளேன்ல ஏத்திக் காட்டுறாங்கன்னு சொன்னீங்களே, அது உள்ளதா?

உள்ளதுதான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு இஏஏ என்றொரு சங்கம் இருக்கிறது. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களும் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களும் 1953-ல் தொடங்கியது. அவர்கள் 1992-ல் ஆரம்பித்த திட்டத்தின் பெயர் 'யங் ஈகிள்ஸ்'. 8 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு முறை இலவசமாகப் பறக்கும் வாய்ப்பு. விமானம் பைலட்டுடையது, பெட்ரோல் செலவும் அவருடையது. 2003 டிசம்பர் 17, ரைட் சகோதரர்கள் பறந்து 100 ஆண்டு நிறையும் நாள். அதற்குள் 10 லட்சம் பிள்ளைகளை ஏற்றிவிட வேண்டும் என்று இலக்கு வைத்து, எட்டியும் காட்டினார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பறப்பது கால் மணி நேரம், இருபது நிமிடம்தான். அதற்கு முன்னால் பைலட் பிள்ளையை விமானத்தைச் சுற்றி நடக்கவைத்து, எதை ஏன் தொட்டுப் பார்க்கிறார் என்று சொல்வார். இறங்கிய பிறகு ஒரு சான்றிதழும், பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் புத்தகமும் கொடுப்பார்கள். வீட்டிலிருந்தே விமானம் ஓட்டுவதற்கான பாடங்களைப் படிக்க இலவச இணைய வகுப்பும் உண்டு.

இதே மாதிரி அமெரிக்காவில் சிவில் ஏர் பேட்ரோல் என்ற தன்னார்வ அமைப்பு 1941-லிருந்து இருக்கிறது. பிரிட்டனில் விமானப்படையின் இளையோர் பிரிவும் அதே 1941-ல் தொடங்கியதுதான்.

3. காசே வாங்காம ஏன் செய்றாங்க? உள்ள ஏதாவது இருக்கும்லா?

சந்தேகம் வருவது நியாயம். நம் ஊரில் இலவசம் என்று வருகிறவர்கள் பின்னால் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வருவார்கள். ஆனால் இதில் ஒளித்துவைத்த எதுவும் இல்லை. காரணத்தை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, அடுத்த தலைமுறை வரவில்லை என்றால் அந்தக் கலையே நின்றுவிடும்.

இன்னொன்று, அந்த பைலட்டுகளில் பலரையும் சின்ன வயதில் யாரோ ஒருவர் இப்படி ஏற்றிக் காட்டியிருப்பார். நானே அப்படித்தான். பைலட் ஆகவில்லை; ஆனால் ஊர்த் திருவிழாவுக்கு லீவில் வந்த விமானப்படைக்காரர் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க எனக்கு விமான எஞ்சின் படம் வரைந்து காட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்ததற்கு அந்த மாலைதான் காரணம். அவர் அதற்குக் காசு வாங்கவில்லை.

4. அப்போ அது மாதிரி இங்க ஏன் இல்ல?

அங்கே ஒரு வாத்தியாரோ மெக்கானிக்கோ பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்கி, ஊர் ஓரத்து ஓடுதளத்தில் நிறுத்தி வைத்திருப்பது சாதாரணம். நம் நாட்டில் தனியார் சின்ன விமானங்கள் மிகக் குறைவு, அவை இறங்கத்தக்க சின்ன ஓடுதளங்களும் குறைவு. அந்த விமானங்களுக்கு வேண்டிய ஏவி-காஸ் பெட்ரோலையே 2022 வரை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். இவ்வளவும் தாண்டி விமானம் வைத்திருப்பவர் நம் பிள்ளையைத் தேடி வரமாட்டார்.

ஆனால் நம் பகுதிக்கும் இதில் பழைய கதை உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையம் 1932-ல் தொடங்கியதே விமானம் ஓட்டுவதில் ஆசை கொண்ட கோதவர்ம ராஜா என்பவரின் முயற்சியால்தான். 1935-ல் டாட்டாவின் விமானம் அங்கே வந்து இறங்கியது. அப்போது நாமும் திருவிதாங்கூர்தானே. 1956-ல்தான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த மனிதர் 1971-ல் விமான விபத்தில்தான் இறந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

நம் நாட்டில் இலவசமாக அந்தப் பக்கத்து சீட்டைத் தருகிற பெரிய வழி ஒன்றே ஒன்றுதான். அது என்சிசி.

5. என்சிசி-யில பிளேன் உண்டா? நாங்க பரேடுன்னுதான நினைச்சோம்.

உண்டு. என்சிசி தொடங்கியது 1948-ல்; அதன் விமானப் பிரிவு 1950-ல். சேர்வது முழுக்கப் பிள்ளையின் விருப்பம், கட்டாயம் கிடையாது. பள்ளியில் ஜூனியர், கல்லூரியில் சீனியர் என்று இரண்டு நிலை. பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. விமானப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு மாதிரி விமானம் செய்வது, பறத்தலின் அடிப்படை, வானிலை எல்லாம் பாடம். அதோடு மைக்ரோலைட் என்ற இரண்டு சீட்டு விமானத்தில் விமானப்படை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டு போவார். இப்போது ஓடுவது வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற வகை. எஞ்சின் 80 குதிரைத்திறன். ஒரு சின்னக் காரில் இருக்கிற அளவுதான்.

சிக்கல் என்னவென்றால், உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ விமானப் பிரிவு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் அதிகம் இருப்பது தரைப்படைப் பிரிவு. திருவனந்தபுரத்தில் கேரளாவின் முதல் விமானப் பிரிவு ஸ்குவாட்ரன் இருக்கிறது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே கல்லூரிக்குப் போகிறார்கள். சேரும்போதே 'இங்கே என்சிசி விமானப் பிரிவு உண்டா?' என்று கேளுங்கள். கேன்டீன் உண்டா, பஸ் உண்டா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

கேரளா என்சிசி மாணவர்களுக்காகவே இடுக்கியில் வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற இடத்தில் மலைமேல் ஓடுதளம் ஒன்றும் கட்டப்பட்டது. 2022 டிசம்பரில் முதல் மைக்ரோலைட் அங்கே இறங்கியது.

6. எங்க ஸ்கூல்ல ஆர்மி பிரிவுதான் இருக்கு. அதுல சேர்ந்து பிரயோஜனம் உண்டா?

உண்டு, சேருங்கள். முகாம் வாழ்க்கை, சொன்ன நேரத்துக்கு வருவது, வரைபடம் படிப்பது எல்லாம் எந்தப் பிரிவுக்கும் பொது. கல்லூரிக்குப் போகும்போது விமானப் பிரிவு உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு இல்லாமல் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிற என்சிசி சிறப்பு வழி, கல்லூரியில் விமானப் பிரிவின் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்குத்தான். தரைப்படைப் பிரிவின் 'சி' சான்றிதழுக்குத் தரைப்படையில் தனி வழி உண்டு. பட்டப்படிப்பு முடித்த பிறகு இது தெரிந்து வருத்தப்பட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும்.

7. பயல் லீவுக்கு அமெரிக்காவுல சித்தப்பா வீட்டுக்குப் போறான். நீங்க சொன்னதுல அவன் ஏற முடியுமா?

முடியும் என்றுதான் முயல வேண்டும். 2-ல் சொன்ன யங் ஈகிள்ஸ் திட்டத்துக்கு முக்கியமாக வேண்டியது வயதும், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்தும். சித்தப்பாவிடம் சொல்லி, அவர் ஊருக்குப் பக்கத்தில் இஏஏ கிளை எது, எந்த சனிக்கிழமை பிள்ளைகளை ஏற்றுகிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து போடுவது நீங்களா அவரா என்பதை இங்கிருந்து கிளம்பும் முன்பே அந்தக் கிளையிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு காகிதம் இல்லாமல் மைதானம் வரை போய்த் திரும்பி வந்த பிள்ளை உண்டு. சிவில் ஏர் பேட்ரோல் இதற்கு ஆகாது. அது அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் உரியது.

8. சின்ன பிளேன்னா பயமா இருக்கு. பாதுகாப்பா?

ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். பெரிய பயணிகள் விமானம் அளவுக்குச் சின்ன விமானம் பாதுகாப்பானது அல்ல. நான் பார்க்கச் சொல்வது, ஏற்றிக்கொண்டு போகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை. கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிறாரா? பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சின்னக் குப்பியில் பிடித்துப் பார்க்கிறாரா? பிள்ளையின் எடையைக் கேட்கிறாரா? காற்று சரியில்லை என்றால் 'இன்றைக்கு வேண்டாம்' என்கிறாரா? கடைசியில் உள்ளதுதான் எனக்கு முக்கியம். பத்துப் பிள்ளைகள் ஆசையோடு காத்திருக்கும்போது ரத்து செய்கிற பைலட்டிடம் என் பேரனைத் தைரியமாகக் கொடுப்பேன்.

என்சிசி-யில் ஓட்டுவது பணியில் இருக்கும் விமானப்படை அதிகாரி. விமானத்தைப் பார்த்துக்கொள்ள தனி ஆட்கள் உண்டு. 20 ஆண்டு அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கையெழுத்து போடாமல் எதுவும் ஓடுதளத்துக்குப் போகாது.

பிள்ளைக்கோ உங்களுக்கோ கடைசி நிமிடத்தில் வேண்டாம் என்று தோன்றினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

9. அவன் பஸ்ல போனாலே வாந்தி எடுப்பான்.

காலை நேரத்தில் ஏற்றுங்கள். வெயில் ஏறி நிலம் சூடானால் காற்று கீழிருந்து மேலே கிளம்பும், விமானம் குலுங்கும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். பறக்கும்போது கருவிகளையே பார்க்காமல் தொலைவில் வானமும் நிலமும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம், காது வலிக்கும்.

10. நீங்க கிரவுண்டுல பேப்பர் பிளேனும் தெர்மோகோல் பிளேனும்தான விடுறீங்க. அதுல என்ன வந்துரப்போகுது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

ஒரு தெர்மோகோல் தட்டில் இறக்கை, வால் வெட்டி, ஒரு மெல்லிய குச்சியில் ஒட்டுகிறோம். முதல் தடவை விட்டால் ஒழுங்காகப் போகாது. மூக்கைத் தூக்கும், நிற்கும், பொத்தென்று விழும், மறுபடி தூக்கும். பிள்ளைகள் எல்லோரும் 'இன்னும் பலமா எறியணும் சார்' என்பார்கள். பலமாக எறிந்தால் இன்னும் மோசம். அப்போது மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்டச் சொல்வோம். 'பாரம் கூட்டினா எப்படி சார் பறக்கும்?' என்று கேட்டுக்கொண்டே ஒட்டுவார்கள். விட்டால், நேராக மைதானத்தின் பாதி தூரம் போகும். அந்த நொடியில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கத்தான் நான் மாதாமாதம் போகிறேன்.

இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து விமானத்தைத் தாங்கிப் பிடித்தால், எங்கே சமமாக நிற்கிறதோ அதுதான் அதன் எடை மையம். இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் அது வர வேண்டும். அதற்குப் பின்னால் போனால் மூக்கு தூக்கும். ரொம்ப முன்னால் வந்தால் தலைகுப்புறப் போகும். 8-ல் பைலட் பிள்ளையின் எடையைக் கேட்பார் என்றேனே, காரணம் இதுதான். எந்த சீட்டில் எவ்வளவு எடை, பெட்டி எங்கே என்று கணக்குப் போடாமல் 300 பேர் போகும் விமானமும் கிளம்பாது. களிமண்ணில் புரிந்துகொண்டதும் அங்கே போடுகிற கணக்கும் ஒன்றே.

செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு டீயும் வடையும் வாங்குகிற அளவுதான். யங் ஈகிள்ஸ் கால் மணி நேரத்தில் ஆசையை மூட்டுகிறது. நம்மிடம் விமானம் இல்லை. அதனால் அந்த ஆசையை மைதானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டுகிறோம். என்சிசி சீட்டு என்றைக்காவது கிடைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

11. ஏன் எப்பவும் விடியக்காலமே வரச் சொல்றீங்க? சாயங்காலம் வெச்சா என்ன?

நம் ஊர்க் காற்றுதான் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் இரு பக்கமும் மலை. நடுவில் உள்ள இடைவெளியில் காற்று நெருக்கிக்கொண்டு வருவதால் வேகம் கூடுகிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கத்தில் தெர்மோகோல் விமானம் விட்டால் வள்ளியூரில் போய்த்தான் எடுக்க வேண்டும். கடலோர ஊர்களில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். காலை 6 முதல் 8 மணி வரைதான் காற்று அமைதியாக இருக்கும்.

காற்றைப் பற்றிக் கடலோரப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது விமானம் எப்படி நேராக ஓடுதளத்துக்கு வரும் என்று ஒரு நாள் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். யாருக்கும் புரியவில்லை. முட்டம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்து, 'நீவாடு இழுக்கும்போ வள்ளத்தோட அணியத்தை எதிர்ப் பக்கம் திருப்பிப் பிடிச்சுதான சார் கரைக்கு நேரா வருவோம், அதுதானா?' என்றான். அதேதான். நீவாடு என்றால் கடல் நீரோட்டம், அணியம் என்றால் வள்ளத்தின் முன்முனை. கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் திசையைப் பேர் சொல்லி அழைக்கிற வீட்டில் பிறந்தவன். அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவனையே எடுக்கச் சொல்கிறேன்.

12. ட்ரோன் வாங்கிக் குடுத்தா இதெல்லாம் படிச்சுக்குவானா?

ஓரளவுக்கு. ட்ரோன் தானே தன்னைச் சமன்படுத்திக்கொள்ளும். அதனால் 10-ல் சொன்ன எடை மையமெல்லாம் அதில் பிள்ளையின் கைக்குத் தெரியவராது. முதலில் தெர்மோகோல், அப்புறம் ட்ரோன் என்பது என் கருத்து.

வாங்கினால் 250 கிராமுக்குக் குறைவானதாக வாங்குங்கள். விதிகள் அதற்குத்தான் எளிது. பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சிவப்பு என்றால் மத்திய அரசு அனுமதி இல்லாமல் விடக் கூடாது. நமக்குப் பக்கத்திலேயே மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கின்றன, விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

13. பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?

பையனுக்கு எதுக்கோ அதற்குத்தான். 1936-லேயே சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண் சேலை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டி உரிமம் வாங்கினார். 2016-ல் மூன்று பெண்கள் விமானப்படையில் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றார்கள். 2022 முதல் முப்படைக்கும் அதிகாரிகளைப் பயிற்றும் என்டிஏ என்ற கல்லூரியிலும் பெண்கள் சேர்கிறார்கள்; பிளஸ் 2 முடித்து, தேர்வெழுதி, அரசு செலவிலேயே பறக்கப் படிக்கலாம்.

எங்கள் சனிக்கிழமைகளுக்கு ஏழாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகள் சரிபாதி வருகிறார்கள். எட்டாம் வகுப்பில் வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அம்மாவும் கூட வந்து மைதானத்தில் உட்காரட்டும், நாற்காலி போட்டுத் தருகிறோம்.

14. கண்ணாடி போட்டிருக்கான். அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று ஒன்றும் இல்லை. கண்ணாடி போட்டவர்கள் பயணிகள் விமானம் ஓட்டலாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். விமானப்படையில்தான் விதி கடுமை. நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால் மட்டும் பைலட் வேலை கடினம். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டை எந்தக் கண் மருத்துவரிடமும் இருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் விமான வடிவமைப்பு, வானிலை ஆய்வு என்று வேறு வாசல்கள் உண்டு. லட்சக்கணக்கில் கட்டிய பிறகு தெரிவதுதான் கொடுமை.

15. தமிழ் மீடியத்துல படிக்கிற பிள்ள இதுக்கெல்லாம் போக முடியுமா?

இஸ்ரோ தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த சிவன் சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். இருவரும் நம் மாவட்டத்துக் கிராமங்களில் தமிழ்வழியில் படிக்கத் தொடங்கியவர்கள். அவர்கள் போனது ராக்கெட் பக்கம், பைலட்டாக அல்ல. ஆனால் வானத்தைப் பற்றிய இயற்பியலை முதலில் தமிழில் படித்தவர்கள்.

பைலட் ஆக ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவதும் ஆங்கிலத்தில். ஆனால் அது சில நூறு சொற்களைத் தெளிவாக, சுருக்கமாகச் சொல்கிற ஆங்கிலம். எங்கள் சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளை மைதானத்தின் இரு மூலையில் நிறுத்தி, ஒருவர் கோபுரம், ஒருவர் விமானம் என்று பேசவைக்கிறோம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அதில் சத்தமாகப் பேசும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ நடத்தும் யுவிகா முகாமையும் மறக்காதீர்கள். 2019-ல் தொடங்கியது. கிராமத்துப் பள்ளிக்கும், என்சிசி, சாரணர் இயக்கத்தில் இருப்பதற்கும் தேர்வில் தனி மதிப்பு கொடுக்கிறார்கள். நமக்குப் பக்கத்துத் தும்பாவும் முகாம் நடக்கும் இடங்களில் ஒன்று.

16. ஏத்திக் காட்டினா பைலட் ஆகணும்னு அடம்பிடிப்பான். அம்பது அறுபது லட்சத்துக்கு நாங்க எங்க போக?

உண்மையான கவலை. கணக்கைத் திறந்து சொல்கிறேன். 16 வயதில் மாணவ பைலட் உரிமம். 17-ல் தனியார் உரிமம், அதற்கு 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். 18-ல் வணிக உரிமம், அதற்கு 200 மணி நேரம், பிளஸ் 2-வில் இயற்பியலும் கணிதமும். இந்தப் பாதையில் செலவு அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். இடத்தை அடமானம் வைத்து இதற்குப் போகச் சொல்லி நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

காசில்லாத பாதை 13-ல் சொன்ன என்டிஏ, 6-ல் சொன்ன என்சிசி சிறப்பு வழி, பட்டப்படிப்புக்குப் பிறகு விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு. இவற்றில் இடம் கிடைப்பது கடினம், ஆனால் கிடைத்தால் சம்பளமும் தருவார்கள். அப்புறம், விமானத்தைச் சுற்றி பைலட் வேலை மட்டும் இல்லை. பராமரிப்பு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, எஞ்சின் வடிவமைப்பு என்று எத்தனையோ உண்டு. நான் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. வாழ்க்கை முழுக்க விமானத்தோடுதான் இருந்தேன்.

17. ஒருத்தர் வந்து முன்பணம் கட்டினா பைலட் டிரெய்னிங், வேலை உறுதின்னு சொல்றாரு. நம்பலாமா?

வேலை உறுதி என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அதை யாராலும் உறுதி செய்ய முடியாது. பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது டிஜிசிஏ என்ற மத்திய அரசு அமைப்பு. அதன் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அந்தப் பெயர் இன்றைய தேதியில் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு நேரில் போய், எத்தனை விமானம் உண்மையில் பறக்கிறது, ஒரு மாணவன் மாதம் எத்தனை மணி நேரம் பறக்கிறான் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டியது. பிள்ளை எட்டு மாதம் விடுதியில் சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுகிற ஏற்பாடு இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

18. எனக்கு பிளேன் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா உதவணும்னு ஆசை. என்ன செய்யலாம்?

வாருங்கள். யங் ஈகிள்ஸ் நாட்களில் பைலட்டுகள் இருக்கிற அளவுக்குத் தரையில் வேலை செய்கிறவர்களும் இருப்பார்கள்: பேர் எழுத, வரிசை பார்க்க, பிள்ளைகளை விமானத்தின் விசிறிப் பக்கம் போகவிடாமல் பிடிக்க. எங்களிடமும் அப்படித்தான். எங்கள் தச்சர் விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனால் குச்சியை ஒரே கனத்தில் சீவ அவரைப்போல் ஆள் கிடையாது.

நம் மாவட்டத்தில் முப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விமானப்படை, கடற்படை விமானப் பிரிவு என்று இருந்தவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். போய்க் கேளுங்கள். பெரும்பாலோர் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருப்பவர்கள்தான். ஒரு சனிக்கிழமை, ஒரு மைதானம், நான்கு தெர்மோகோல் தட்டு, ஒரு பெண் ஆசிரியர் கட்டாயம். பெற்றோர் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

19. என்சிசி-ல ஏத்திக் காட்டினாங்க சார். இறங்கி வந்து 'எனக்குப் பிடிக்கல'ங்கிறான். எல்லாம் வீணாப் போச்சா?

இதைக் கேட்ட அப்பாவுக்கு அன்றைக்கு ரொம்ப மனக்கஷ்டம். மூன்று ஆண்டு எங்களோடு வந்த பையன். என்னிடம் அவன் தனியாகச் சொன்னது இது: 'மேல போனதும் எனக்கு எஞ்சின் சத்தம்தான் சார் காதுல விழுந்துச்சு. வெளிய பாக்கவே தோணல. ஏன் நடுவுல சத்தம் மாறிச்சுன்னு அவர்கிட்ட கேட்டேன்.' மேலேறி முடித்ததும் பைலட் எஞ்சின் விசையைக் குறைத்திருப்பார். அதைக் காதால் கண்டுபிடித்திருக்கிறான்.

இப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். சனிக்கிழமை வருவதை விடவில்லை. போன மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விட்ட 22 விமானங்களுக்கும் இறக்கை வெட்டிக் கொண்டுவந்தவன் அவன்தான். ஒன்றுகூட வலப்பக்கமோ இடப்பக்கமோ சாயவில்லை.